துவைதா: மூன்று நாடுகள் குண்டு போட்ட வளாகம்

1991 ஜூன் 28 அன்று, பாக்தாதுக்கு மேற்கே ஃபலூஜாவுக்கு அருகிலுள்ள ஒரு ராணுவ முகாமின் வாசலில் ஐ.நா. சார்பில் வந்த அணு ஆய்வாளர்கள் நின்றிருந்தார்கள். உள்ளே விட முடியாது என்று காவலர்கள் மறித்துவிட்டார்கள். குழுவில் சிலர் வாசலை ஒட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தபோது, முகாமின் இன்னொரு பக்கத்திலிருந்து கனரக லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பிரம்மாண்டமான இரும்புச் சாமான்கள். ஆய்வாளர்கள் வண்டியை விரட்டிக்கொண்டுபோய்ப் படம் பிடித்தார்கள். ஈராக்கியச் சிப்பாய்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள்.

படங்களைப் பார்த்த நிபுணர்களுக்கு முதலில் நம்ப முடியவில்லை. லாரிகளில் போனவை காலுட்ரான் எனப்படும் எந்திரத்தின் பாகங்கள். சில மீட்டர் விட்டமுள்ள மின்காந்த வட்டுகள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஓக் ரிட்ஜில் இந்த எந்திரங்களை வரிசையாக நிறுத்தித்தான் ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டியது. மின்சாரத்தை அளவில்லாமல் விழுங்கும், மெதுவாக வேலை செய்யும் என்பதால் போர் முடிந்ததும் அந்த முறையைக் கைவிட்டார்கள். யாரும் இனித் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்ததால் அதன் தொழில்நுட்ப விவரங்களில் பெரும்பகுதியை ரகசியப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஈராக்கிய விஞ்ஞானிகள் அவற்றைப் படித்தார்கள். சொந்தமாகச் செய்து பார்த்தார்கள்.

இது நடப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் இஸ்ரேல் ஈராக்கின் அணு உலையைத் தரைமட்டமாக்கியிருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன் அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் ஆறு வாரம் அந்த நாட்டின்மேல் குண்டு பொழிந்திருந்தார்கள். அதற்குப் பிறகும் அந்த லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு நாட்டின் அணு ஆயுத முயற்சியை வான்தாக்குதலால் நிறுத்த முடியுமா என்று கேட்பவர்கள் இன்றும் ஈராக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். முடியும் என்பவர்களுக்கும் அதுவே சான்று, முடியாது என்பவர்களுக்கும் அதுவே சான்று. இரு தரப்பும் சுட்டுவது ஒரே இடத்தை: பாக்தாதின் தென்கிழக்கே, டைக்ரிஸ் ஆற்றுப் பக்கம், நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் துவைதா வளாகம். 1980 செப்டம்பருக்கும் 1991 ஜனவரிக்கும் இடையில் ஈரான், இஸ்ரேல், அமெரிக்கா என்று மூன்று நாடுகளின் விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டிருக்கின்றன. அணு வரலாற்றில் இப்படி அடிபட்ட இடம் அபூர்வம்.

துவைதாவின் தொடக்கம் சாதாரணமானது. 1960களில் சோவியத் யூனியன் அங்கே இரண்டு மெகாவாட் திறனுள்ள சிறிய ஆய்வு உலை ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. 1967ல் அது இயங்கத் தொடங்கியது. ஈராக் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1969ல் அதை முறைப்படி ஏற்றும் கொண்டது. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறிக் கஜானா நிரம்பியபோதுதான் கதை மாறியது. ஆட்சியில் இரண்டாமிடத்தில் இருந்தாலும் முதலிடத்தின் அதிகாரத்தையே கையில் வைத்திருந்த சதாம் ஹுசேன் 1975ல் பிரான்ஸ் போனார். பிரதமர் ஜாக் சிராக் அவரை வரவேற்று அணு ஆய்வு மையங்களைச் சுற்றிக் காட்டினார். அந்த ஆண்டு நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஈராக் முதலில் கேட்டது இயற்கை யுரேனியத்தில் ஓடும் பெரிய கிராஃபைட் உலை. புளூட்டோனியம் எடுக்க அது வசதியானது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், கேட்கப்பட்டவர்களுக்கும் தெரியும். பிரான்ஸ் அதைத் தரவில்லை. பதிலாகத் தன் நாட்டிலிருந்த ஒசிரிஸ் என்ற ஆய்வு உலையின் மாதிரியில் ஒன்றைக் கட்டித் தர ஒப்புக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ஒசிராக் என்றார்கள். ஈராக்கியர்கள் தம்முஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த உலைக்கு 93 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியம் எரிபொருளாகத் தேவைப்பட்டது. அது குண்டு செய்யவும் ஏற்ற தரம். பின்னால் பிரான்சுக்கே கலக்கம் வந்து, செறிவு குறைந்த வேறு எரிபொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தது. ஈராக் மறுத்துவிட்டது.

இஸ்ரேல் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தது. நெகேவ் பாலைவனத்தில் அதன் சொந்த டிமோனா உலையும் பிரான்ஸ் 1950களின் பிற்பகுதியில் உதவிக் கட்டியதுதான். ஆகவே பிரெஞ்சு உலை ஒன்றை வைத்து என்னென்ன செய்யலாம் என்று அந்த நாட்டுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1979 ஏப்ரலில், ஈராக்குக்குக் கப்பலேற இருந்த உலையின் மையப் பாகங்கள் தூலோன் அருகே லா செயின் துறைமுகக் கிடங்கில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1980 ஜூனில், ஈராக்குக்காக வேலை பார்த்த எகிப்திய அணு விஞ்ஞானி யஹ்யா அல்-மஷாத் பாரிஸ் விடுதி அறை ஒன்றில் கொலை செய்யப்பட்டார். இரண்டுக்கும் யாரும் பொறுப்பேற்கவில்லை. சந்தேகம் இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாத் மேல் விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஈராக்–ஈரான் போர் மூண்டது. போர் தொடங்கிய ஒன்பதாம் நாளில், செப்டம்பர் 30 அன்று, ஈரானின் ஃபேன்டம் விமானங்கள் துவைதாவைத் தாக்கின. உலைக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் ஓர் அணு உலையைக் குறிவைத்து விமானத் தாக்குதல் நடந்தது உலகத்தில் அதுவே முதல் தடவை. அதை நடத்தியது ஈரான் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள்.

1981 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. பிரெஞ்சுத் தொழில்நுட்பர்கள் விடுப்பில் இருப்பார்கள் என்ற கணக்கில் தேர்ந்தெடுத்த நாள். மாலையில், சினாய் தீபகற்பத்திலிருந்த எட்சியோன் தளத்திலிருந்து எட்டு எஃப்-16 விமானங்கள் கிளம்பின. காவலுக்கு எஃப்-15 விமானங்கள். அந்த எஃப்-16கள் முதலில் ஈரான் மன்னர் ஷாவுக்காக ஒதுக்கப்பட்டவை. புரட்சிக்குப் பின் ஈரானின் ஆர்டர் ரத்தானதால் இஸ்ரேலுக்கு முன்கூட்டியே கிடைத்தன. ரேடாருக்குச் சிக்காமல் தரையை ஒட்டிப் பறந்து, ஜோர்டான், சவூதி அரேபிய எல்லைகளைக் கடந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்த் துவைதாவை அடைந்தார்கள். ஒவ்வொரு விமானத்திலும் தலா 2,000 பவுண்டு எடையுள்ள இரண்டு குண்டுகள். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. உலையின் குவிமாடம் உடைந்து சரிந்தது. ஈராக்கியச் சிப்பாய்கள் பத்துப் பேரும் பிரெஞ்சுத் தொழில்நுட்பர் ஒருவரும் இறந்தார்கள். இஸ்ரேலிய விமானங்கள் எல்லாமே பத்திரமாகத் திரும்பின. கடைசி விமானத்தை ஓட்டிய இளம் விமானி இலான் ரமோன், பின்னாளில் இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரரானார். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறியபோது கல்பனா சாவ்லாவுடன் இறந்த அறுவரில் அவரும் ஒருவர்.

போர்க்கலை அளவில் பார்த்தால் அப்பழுக்கில்லாத தாக்குதல்தான். அரசியலில் அப்படி இல்லை. மூன்று வாரத்தில் இஸ்ரேலில் தேர்தல் வர இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஷிமோன் பெரஸ், தாக்க வேண்டாம் என்று முன்பே பிரதமர் மெனகெம் பெகினுக்கு ரகசியக் கடிதம் எழுதியிருந்தார். பெகினோ, எதிரி நாடு எதுவும் பேரழிவு ஆயுதம் செய்ய இஸ்ரேல் விடாது என்று அறிவித்தார். அன்றிலிருந்து அது பெகின் கோட்பாடு என்ற பெயரில் நிலைத்துவிட்டது. ஜூன் 19 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 487ம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றி இஸ்ரேலைக் கண்டித்தது. அமெரிக்காவும் அதற்கு வாக்களித்தது. எஃப்-16 விமானங்களை அனுப்புவதைச் சில காலம் நிறுத்தியும் வைத்தது. இஸ்ரேல் தன் அணு நிலையங்களைச் சர்வதேசக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றும் அதே தீர்மானம் கோரியது. அந்தக் கோரிக்கை இன்றுவரை நிறைவேறவில்லை.

ஒசிராக் நிஜமாகவே குண்டு செய்யும் உலைதானா? இங்கேதான் வாதம் சூடாகிறது. இஸ்ரேலின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இல்லை. அந்த உலைக்குத் தேவையே இல்லாத இயற்கை யுரேனியத்தை ஈராக் போர்ச்சுகலிலும் நைஜரிலும் டன் கணக்கில் வாங்கியிருந்தது. கதிரியக்கப் பொருளைக் கையாளும் ஆய்வுக்கூட வசதிகளை இத்தாலியிடமிருந்து பெற்றிருந்தது. மறுபுறம், உலையைச் சுற்றி யுரேனியத்தை அடுக்கிப் புளூட்டோனியம் எடுக்க வேண்டுமென்றால் அதை உடன் வேலைபார்க்கும் பிரெஞ்சுக்காரர்களின் கண்ணிலும், முறைவைத்து வரும் சர்வதேச அணுசக்தி முகமை ஆய்வாளர்களின் கண்ணிலும் படாமல் செய்தாக வேண்டும். 1982 இறுதியில் அந்த இடிபாட்டை நேரில் பார்த்த ஹார்வர்டு இயற்பியலாளர் ரிச்சர்ட் வில்சன், இது புளூட்டோனியத்துக்குத் தோதான உலையே இல்லை என்று எழுதினார்.

குண்டு விழுந்தபின் பாக்தாதில் நடந்ததுதான் இந்த வரலாற்றின் மையம். ஜாஃபர் தியா ஜாஃபர் என்ற இயற்பியலாளர் பிரிட்டனில் படித்தவர். ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஈராக்கின் சிறந்த விஞ்ஞானி என்று மதிக்கப்பட்ட அவர், அந்த ஜூன் மாதத்தில் காவலில் இருந்தார். தன்னோடு வேலை பார்த்த ஹுசைன் அல்-ஷஹ்ரிஸ்தானி 1979 டிசம்பரில் கைதாகிச் சித்திரவதைக்கு ஆளானபோது, அவரை விடுவிக்கக் கேட்டதுதான் ஜாஃபரின் குற்றம். 1981 செப்டம்பரில் சதாம் அவரை விடுவித்தார். பிரான்சிடமோ வேறெவரிடமோ கையேந்தாமல், யாருக்கும் தெரியாமல், உள்ளூரிலேயே செறிவூட்டும் வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஷஹ்ரிஸ்தானி ஆயுத வேலைக்கு இணங்க மறுத்து, அபு கிரைப் சிறையில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார். 1991 போர்க் குழப்பத்தில் தப்பினார். பின்னாளில் புதிய ஈராக்கின் எண்ணெய் அமைச்சரானார். இரண்டு விஞ்ஞானிகள், இரண்டு பாதைகள். ஒரு சர்வாதிகாரியின் நாட்டில் அணு அறிவு பெற்றிருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இவர்களைவிட வேறு சாட்சி தேவையில்லை.

நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் மால்ஃப்ரித் பிரவுட்-ஹெக்ஹாமர் பல ஆண்டுகள் ஈராக்கிய ஆவணங்களைப் படித்து, சம்பந்தப்பட்ட விஞ்ஞானிகளை நேரில் சந்தித்து எழுதியிருக்கிறார். அவர் கண்டது இது: 1981க்கு முன் ஈராக்கிடம் ஆசை இருந்தது, வழிகளைத் திறந்துவைக்கும் எண்ணம் இருந்தது; ஆனால் ஆயுதம் செய்தே தீருவது என்ற உறுதியும் அதற்கான தனி அமைப்பும் இல்லை. தாக்குதலுக்குப் பின்தான் அந்த முடிவு இறுகியது. சில நூறு பேர் இருந்த இடத்தில் பல ஆயிரம் பேர் வந்தார்கள். ஒரே வளாகத்தில் வெளிப்படையாக நின்ற திட்டம் நாடு முழுக்கச் சிதறிப் பதுங்கியது. பாக்தாதுக்கு வடக்கே தர்மியாவிலும் இன்னும் வடக்கே ஷர்காத்திலும் காலுட்ரான் கூடங்கள். அல்-அதீரில் குண்டு வடிவமைக்கும் நிலையம். வேறொரு பக்கம் மையவிலக்கு எந்திரங்களுக்கான முயற்சி. எல்லாவற்றுக்கும் பெட்ரோகெமிக்கல் திட்டம் என்று வெளிப்பெயர்.

அப்படியானால் 1981 தாக்குதலால் பலனே இல்லையா? அப்படிச் சொல்வதும் நேர்மையாகாது. புளூட்டோனிய வழி அன்றோடு அடைபட்டது. காலுட்ரான் வழியில் ஈராக் பத்தாண்டு பாடுபட்டும் 1991 தொடக்கத்தில் கையில் இருந்தது ஒரு கிலோவுக்கும் குறைவான, தரம் குறைந்த யுரேனியம்தான். அதனால்தான் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த டிக் செனி, தாக்குதலை நடத்திய இஸ்ரேலிய விமானப்படைத் தளபதி டேவிட் இவ்ரிக்கு, இடிந்த உலையின் செயற்கைக்கோள் படத்தில் நன்றி எழுதிக் கொடுத்தார். ஆனால் செனி அந்தப் படத்தைக் கொடுத்தது 1991 ஜூன் மாதம். அதே மாதக் கடைசியில்தான் ஃபலூஜாவில் லாரிகள் ஓடின. ஒசிராக் தாக்குதல் ஈராக்கின் கையிலிருந்து ஒரு வழியைப் பறித்தது உண்மை. இரண்டு மூன்று புது வழிகளை நோக்கி அதைத் தள்ளியதும் உண்மை. பறித்தது கண்காணிப்புக்குள் இருந்த வழி. தள்ளியது கண்காணிப்புக்கு வெளியே.

1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது அமெரிக்க விமானப்படையின் இலக்குப் பட்டியலில் அணு இலக்குகள் இரண்டே இரண்டு. போர் முடியும்போது எட்டானது. போருக்குப் பின் ஆய்வாளர்கள் தேடித் தேடிக் கண்டுபிடித்த இடங்கள் இருபதுக்கும் மேல். அவற்றில் பதினாறு முக்கியமானவை. உலகத்தின் மிகச்சிறந்த உளவுக் கருவிகள் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தும் இதுதான் கணக்கு. துவைதாமேல் மீண்டும் குண்டு விழுந்தது. சோவியத் உலை நொறுங்கியது. தெரியாத இடத்தில் எப்படிக் குண்டு போடுவது?

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1980ல் பிரான்ஸ் அனுப்பிய பன்னிரண்டு கிலோ அளவிலான உயர்செறிவு யுரேனியம் 1981 தாக்குதலில் அழியவே இல்லை. அது முகமையின் முத்திரையோடு துவைதாவிலேயே இருந்தது. ஆய்வாளர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து எண்ணிவிட்டுப் போனார்கள். 1990 ஆகஸ்டில் குவைத்தைப் பிடித்த சதாம், போர் வருவதைக் கண்டதும், அந்த எரிபொருளையும் சோவியத் எரிபொருளையும் உடைத்தெடுத்து அவசரமாக ஒரு குண்டு செய்ய உத்தரவிட்டார். ஜனவரியில் விழுந்த குண்டுகள் அந்த வேலையைப் பாதியில் நிறுத்தின. வான்தாக்குதலுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய உருப்படியான சான்று 1981ஐவிட இதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அப்படியொரு அவசரத் திட்டம் இருந்ததே 1995ல் சதாமின் மருமகன் ஹுசைன் காமில் ஜோர்டானுக்குத் தப்பி ஓடியபின்தான் உலகுக்குத் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணும் பழைய கண்காணிப்பு போதாது என்பதை அது இன்னும் அழுத்தமாக உணர்த்தியது.

ஈராக்கின் திட்டத்தை முடித்துவைத்தது எது? போரில் தோற்ற நாடு, ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1991 ஏப்ரல் 687ம் தீர்மானத்தை ஏற்றாக வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் எந்த இடத்துக்கும் போகலாம், எதையும் அழிக்கலாம் என்றது அது. ஃபலூஜா சம்பவம் நடந்த பத்து நாளுக்குள், ஜூலை 7 அன்று, காலுட்ரான் திட்டத்தை ஈராக் ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் பாக்தாதின் ஒரு கட்டடத்தில் ஆயுத வடிவமைப்பு ஆவணங்களை ஆய்வாளர்கள் கைப்பற்றியபோது, ஈராக்கியப் படை அவர்களை வண்டி நிறுத்துமிடத்திலேயே நான்கு நாள் சிறைபிடித்து வைத்தது. வெயிலில், வண்டிகளுக்குள்ளேயே தூங்கினார்கள், காகிதங்களைக் கொடுக்கவில்லை. 1992ல் அல்-அதீர் கட்டடங்கள் முகமையின் மேற்பார்வையில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வெடி வைத்தவர்கள் ஈராக்கியத் தொழிலாளர்களே. 1994 பிப்ரவரிக்குள் உயர்செறிவு யுரேனியம் முழுவதும் நாட்டைவிட்டு எடுத்துச்செல்லப்பட்டது. விமானங்களால் ஆறு வாரத்தில் முடியாததை, குறிப்பேடும் கேமராவும் கதிர்வீச்சு அளவுகோலும் வைத்திருந்த சில நூறு பேர் மூன்று ஆண்டில் செய்தார்கள்.

அதற்கு ஈராக் மக்கள் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. ஆய்வாளர்களுக்குப் பின்னால் பொருளாதாரத் தடை நின்றது. அது பன்னிரண்டு ஆண்டு நீடித்தது. மருந்தும் குடிநீர் வசதியும் இல்லாமல் வாடியவர்கள் அணு விஞ்ஞானிகள் அல்ல, சாதாரண ஜனங்கள். எல்லாம் முடிந்தபிறகும் வாஷிங்டனில் அதை நம்பவில்லை. 2003ல் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன, அணு ஆயுத முயற்சி மீண்டும் நடக்கிறது என்று சொல்லியே படையெடுத்தார்கள். மையவிலக்குத் திட்டத்தை நடத்திய மஹ்தி ஒபெய்தி, தன் வீட்டு ரோஜாத் தோட்டத்தில் 1990களின் தொடக்கத்திலேயே புதைத்துவைத்த வரைபடங்களையும் சில பாகங்களையும் தோண்டி அமெரிக்கர்களிடம் கொடுத்தார். எஞ்சியிருந்தது அவ்வளவுதான். ஈராக்கின் அணுத் திட்டம் 1991லேயே முடிந்துவிட்டது என்று அமெரிக்காவின் சொந்த ஆய்வுக்குழு 2004ல் அறிக்கை கொடுத்தது.

அந்தப் படையெடுப்பின்போது துவைதாவுக்குக் காவல் இல்லாமல் போனது. கதவுகள் உடைந்து கிடந்தன. சுற்றுவட்டாரக் கிராமத்தார் உள்ளே போய் நீல நிற பீப்பாய்களைத் தூக்கி வந்தார்கள். உள்ளே இருந்த மஞ்சள் தூளைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். குடித்தார்கள், துணி துவைத்தார்கள். அந்தத் தூள் யுரேனியம். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பீப்பாய்களைக் காசு கொடுத்தும் மாற்றுப் பீப்பாய் கொடுத்தும் பிறகு திரும்ப வாங்கினார்கள். துவைதாவில் மீதமிருந்த 550 டன் யுரேனியத் தாதுத் தூள் 2008ல் கனடாவுக்குக் கப்பலேறியது. மூன்று நாட்டுக் குண்டுகளைத் தாண்டி நின்ற அந்தத் தூளை அகற்றியது ஒரு வியாபார ஒப்பந்தம்.

தாக்குதல் பலித்த இடம் ஒன்று உண்டு: சிரியா. 2007 செப்டம்பர் 6 அன்று, டெய்ர் எஸ்-ஸோர் பகுதியின் அல்-கிபார் என்ற இடத்தில் கட்டி முடியும் நிலையிலிருந்த ஒரு கட்டடத்தை இஸ்ரேலிய விமானங்கள் அழித்தன. அது பெரும்பாலும் ஓர் அணு உலைதான் என்று 2011ல் முகமை சொன்னது. வட கொரியாவின் யொங்பியொன் உலையின் சாயலில், அந்நாட்டின் உதவியோடு எழுந்தது. சிரியா இடிபாட்டை அவசரமாக வாரிவிட்டு வேறொரு கட்டடத்தை எழுப்பியது. இஸ்ரேல் 2018 வரை வாயே திறக்கவில்லை. சிரியா பதிலடி கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தை அந்த மௌனம் தவிர்த்தது. திட்டம் மறுபடி தலைதூக்கவில்லை. அங்கே எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தது; அறிவும் வெளியிலிருந்து வாங்கியது; ஜாஃபரைப் போன்ற ஆளும் அவருக்குக் கீழே ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் இல்லை. நான்கு ஆண்டில் உள்நாட்டுப் போர் வேறு வந்துவிட்டது. ஈராக்கையும் சிரியாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வித்தியாசம் குண்டுகளில் இல்லை, குண்டு விழுந்த நாட்டின் மனிதர்களில் இருக்கிறது.

ஒசிராக் தாக்குதல் தெற்காசியாவையும் உலுக்கியது. இந்தியா இதேபோல் கஹுட்டா செறிவூட்டு நிலையத்தைத் தாக்கப் போகிறது என்ற அச்சம் 1980களில் பாகிஸ்தானில் திரும்பத் திரும்ப எழுந்தது. அந்த அச்சம் ஒரு நல்ல காரியத்தில் முடிந்தது. 1988 டிசம்பர் 31 அன்று, ராஜீவ் காந்தி இஸ்லாமாபாத் போய் பெனசீர் பூட்டோவைச் சந்தித்தபோது, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. மின் உலைகளும் அதில் அடங்கும். கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் இருக்கிற காப்பு அது. 1992லிருந்து ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்கு அடுத்த ஜனவரியிலும் அது நிற்கவில்லை. எதிரியிடம் தன் அணு நிலையங்கள் இருக்குமிடத்தைத் தானே எழுதிக் கொடுக்கும் இந்த வழக்கத்துக்கு உலகில் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

துவைதாவை முதலில் தாக்கிய ஈரான், பின்னால் தானே இலக்கானது. 1984க்கும் 1988க்கும் இடையில் ஈராக்கிய விமானங்கள் புஷெரில் பாதியில் நின்ற ஈரானிய உலையைப் பலமுறை தாக்கின. ஈரானின் ரகசியச் செறிவூட்டு முயற்சி தொடங்கியதும் அதே போர்க்காலத்தில்தான், 1980களின் நடுவில். ஈராக்கில் நடந்ததை ஈரானியர்கள் கூர்ந்து கவனித்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. நட்டான்ஸில் தரைக்கு அடியில், ஃபோர்டோவில் மலையின் வயிற்றில் கூடங்களைக் குடைந்தார்கள். உலக வல்லரசுகளோடு செய்துகொண்ட 2015 அணு ஒப்பந்தப்படி அதே ஈரான் பதினோரு டன் அளவிலான செறிவூட்டிய யுரேனியத்தை ரஷ்யாவுக்குக் கப்பலேற்றியது. இருப்பை 300 கிலோவுக்குள் வைத்துக்கொண்டது. கூடங்களில் முகமையின் கேமராக்கள் ஓடின. ஒரு குண்டும் விழாமல் நடந்தது இது. 2018 மே மாதம் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தைவிட்டு வெளியேறியது. அதன்பின் ஈரான் படிப்படியாக 60 விழுக்காடு செறிவுவரை ஏறியது.

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. பத்துக்கு மேற்பட்ட அணு விஞ்ஞானிகள் கொல்லப்பட்டார்கள். ஜூன் 22 அன்று அமெரிக்காவின் ஏழு பி-2 விமானங்கள் தலா 30,000 பவுண்டு எடையுள்ள பதினான்கு குண்டுகளை ஃபோர்டோமேலும் நட்டான்ஸ்மேலும் போட்டன. கூடங்களுக்குப் பலத்த சேதம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தாக்குதல் தொடங்கிய நாளில் ஈரானிடம் 60 விழுக்காடு செறிவில் 440 கிலோவுக்கு மேல் யுரேனியம் இருந்தது என்பது முகமையின் மதிப்பீடு. அதை வைக்கப் பெரிய கட்டடம் வேண்டாம். சில லாரிகளில் ஏற்றக்கூடிய உருளைகள் போதும். ஜூலை தொடக்கத்தில் ஈரான் முகமையோடு ஒத்துழைப்பதை நிறுத்தும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆய்வாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அதுவரை கிலோ கணக்கில் எண்ணிச் சொல்லப்பட்டுவந்த பொருள், எங்கே இருக்கிறது என்று முகமையால் உறுதிசெய்ய முடியாத பொருளாகிவிட்டது.

ஈராக்கில் இதுபோன்ற கணக்கை நேர்செய்ய ஆய்வாளர்களுக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நாட்டின் அணுத் திட்டம் பற்றி ஒத்திசைவான சித்திரம் கிடைத்துவிட்டதாக முகமை அறிவித்தது 1997 அக்டோபரில்தான். அங்கே தோற்றுப்போன ஓர் அரசு, எந்தக் கதவைத் தட்டினாலும் திறந்தாக வேண்டிய நிலையில் இருந்தது. 2025 ஜூன் தாக்குதல்களுக்குப் பின் டெஹ்ரானில் இருந்த அரசுக்கு அப்படியொரு கட்டாயம் இருக்கவில்லை.